விண்டோஸ் பக்கத்திலேயே லினக்ஸ்: டிஸ்க்கைப் பிரிக்கும் முன்பும் பின்பும் செய்ய வேண்டியவை

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதி நிறுத்தியதிலிருந்து, எனக்குத் தெரிந்தவர்கள் திரும்பத் திரும்ப ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "லேப்டாப் நல்லாத்தான் ஓடுது. ஆனா விண்டோஸ் 11 ஏறாதுன்னு சொல்லுது. லினக்ஸ் போட்டுப் பார்க்கலாமா? இருக்கிற விண்டோஸ் மட்டும் போயிடக் கூடாது."

போகாது. லினக்ஸும் விண்டோஸ் மாதிரி ஒரு இயங்குதளம்தான், இரண்டையும் ஒரே டிஸ்க்கில் பக்கத்துப் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம். லினக்ஸை நிறுவும் வேலை இப்போது மிகவும் சுலபமாகிவிட்டது. கவனம் முழுவதும் தேவைப்படுவது டிஸ்க்கைப் பிரிக்கும் அந்தப் பத்து நிமிடத்துக்குத்தான். அதனால் இந்தக் கட்டுரையில் பார்ட்டிஷன், அதாவது டிஸ்க்கைப் பிரிக்கும் பாகங்கள் பற்றித்தான் விரிவாக எழுதுகிறேன், மற்றதையெல்லாம் வேகமாகத் தாண்டிப் போகிறேன். எடுத்துக்காட்டுக்கு 512 ஜிபி எஸ்எஸ்டி உள்ள ஒரு சாதாரண லேப்டாப்பையும், லினக்ஸ் வகைகளில் ஒன்றான லினக்ஸ் மின்ட் 22-ஐயும் எடுத்துக்கொள்கிறேன். உபுண்டு போன்ற மற்றவற்றில் திரைகள் கொஞ்சம் மாறியிருக்கும், விஷயம் ஒன்றுதான்.

பூர்வீக நிலத்தைப் பாகம் பிரிக்கும்போது என்ன செய்கிறோம்? முதலில் புலப்படத்தை எடுத்துப் பார்க்கிறோம். சர்வேயரை வைத்து அளக்கிறோம். கல் நடுகிறோம். அதற்கப்புறம்தான் பத்திரம். டிஸ்க்குக்கும் இதே வரிசைதான். நிறையப் பேர் நேராகப் பத்திரத்துக்குப் போய்விடுகிறார்கள். நானும் ஒருமுறை அப்படிப் போனேன்.

பல வருடங்களுக்கு முன்னால், சித்தி வீட்டு டெஸ்க்டாப்பில் லினக்ஸ் போட்டுக்கொடுத்தேன். உள்ளே இரண்டு ஹார்ட் டிஸ்க்குகள், இரண்டும் 1 டிபி. ஒன்றில் விண்டோஸ், இன்னொன்றில் குடும்பத்துப் படங்கள். நிறுவும் திரையில் எஸ்டிஏ, எஸ்டிபி என்று இரண்டு பெயர்கள் வந்தன. முதலாவது காலியாக்கி வைத்த இடம் உள்ள விண்டோஸ் டிஸ்க், இரண்டாவது படங்கள் உள்ள டிஸ்க் என்று மனக்கணக்கில் வைத்துக்கொண்டு ஓகே கொடுத்துவிட்டேன். வரிசை மாறியிருந்தது. மறுநாள் காலை தம்பி போன் செய்து, "அண்ணா, இ டிரைவைக் காணோம்" என்றான். சித்தப்பா இருந்தபோது எடுத்த படங்கள் எல்லாம் அதில்தான் இருந்தன. ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருளை வைத்து மூன்று ராத்திரி உட்கார்ந்து பாதிக்கு மேல் மீட்டேன். கோப்புகளின் பெயர்கள் எல்லாம் போய், எஃப் என்ற எழுத்தும் அதன் பின்னால் நீளமான எண்களுமாகத்தான் படங்கள் திரும்பி வந்தன. எது எந்த வருடத்துப் பொங்கல் என்று சித்தி ஒவ்வொன்றாகப் பார்த்துச் சொல்ல வேண்டியிருந்தது.

அன்றிலிருந்து ஒரு பழக்கம். எந்த கம்ப்யூட்டரானாலும் டிஸ்க்கில் கை வைப்பதற்கு முன் அதன் வரைபடத்தை ஒரு காகிதத்தில் எழுதிக்கொள்வேன். உங்களையும் அதையே செய்யச் சொல்கிறேன். பெயரை நம்பாதீர்கள், உள்ளே இருக்கும் ஒவ்வொரு பாகத்தின் அளவையும் பாருங்கள்.

டிஸ்க்குக்குள் என்ன இருக்கிறது

டிஸ்க்கின் ஆரம்பத்தில் பார்ட்டிஷன் டேபிள் என்று ஒரு சிறிய அட்டவணை இருக்கும். எந்தப் பார்ட்டிஷன் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்ற கணக்கு அதில்தான் உண்டு. நிலத்துக்குப் பட்டா மாதிரி. பட்டா தொலைந்தாலும் நிலம் அங்கேயேதான் இருக்கும்; டேபிள் அழிந்தாலும் உள்ளே இருக்கும் தகவல் உடனே அழிந்துவிடாது. மேலே புதிதாக எதையாவது எழுதும்போதுதான் அழிகிறது. தவறு நடந்துவிட்டது என்று தெரிந்த அந்த நிமிடமே கம்ப்யூட்டரை அணைக்கச் சொல்வது அதனால்தான்.

இந்த அட்டவணையில் இரண்டு வகை உண்டு. பழையது எம்பிஆர். அதில் நான்கு பிரைமரி பார்ட்டிஷன்களுக்கு மேல் போட முடியாது, 2 டிபிக்கு மேற்பட்ட இடமும் அதன் கணக்கில் வராது. புதியது ஜிபிடி. இதில் விண்டோஸ் 128 பார்ட்டிஷன் வரை அனுமதிக்கிறது. அட்டவணையின் இன்னொரு பிரதி டிஸ்க்கின் கடைசியிலும் பத்திரமாக இருக்கும். விண்டோஸ் 8 காலத்துக்குப் பிறகு வந்த லேப்டாப்புகளில் பெரும்பாலும் ஜிபிடிதான்.

ஜிபிடி டிஸ்க்கில் விண்டோஸ் நமக்குத் தெரியாமல் சில குட்டிப் பார்ட்டிஷன்களைப் போட்டு வைத்திருக்கும். முதலில் இஎஃப்ஐ சிஸ்டம் பார்ட்டிஷன். 100 எம்பி இருக்கும், சில லேப்டாப்புகளில் 260 எம்பி. கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் எந்த இயங்குதளத்தைத் தொடங்குவது என்று தேடுகிற கோப்புகள் இதில்தான் உள்ளன. விண்டோஸும் லினக்ஸும் இதைப் பொதுவாகப் பயன்படுத்திக்கொள்ளும், இரண்டு வீட்டுக்கும் ஒரே வாசல் மாதிரி. இதை எக்காரணம் கொண்டும் ஃபார்மட் செய்யக்கூடாது. அடுத்து 16 எம்பியில் விண்டோஸ் தனக்கென ஒதுக்கிக்கொண்ட ஒன்று. பிறகு நமக்குத் தெரிந்த சி டிரைவ். கடைசியில் ரிகவரி பார்ட்டிஷன். விண்டோஸ் கெட்டுப்போனால் சரிசெய்யும் கருவிகள் இருக்கும் இடம் அது. "இடம் வீணாகிறதே" என்று அதை அழிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். சில நூறு எம்பிக்காக அதைச் செய்யாதீர்கள்.

முதலில் பேக்கப்

கம்ப்யூட்டருக்கு வெளியே இருக்கும் ஒரு ஹார்ட் டிஸ்க்கிலோ பென் டிரைவிலோ உங்கள் படங்கள், சான்றிதழ்கள், அலுவலகக் கோப்புகளை எடுத்து வையுங்கள். சி டிரைவில் இருப்பதை டி டிரைவில் காப்பி செய்து வைப்பது பேக்கப் ஆகாது. இரண்டும் ஒரே டிஸ்க். போனால் சேர்ந்துதான் போகும். எடுத்த பேக்கப்பை இன்னொரு கம்ப்யூட்டரில் செருகி இரண்டு மூன்று கோப்புகளைத் திறந்து பாருங்கள். வேலை முடியும் வரை அந்த ஹார்ட் டிஸ்க்கை லேப்டாப்பில் செருகி வைக்காதீர்கள். நிறுவும் திரையில் அதுவும் ஒரு டிஸ்க்காக வந்து நிற்கும்.

விண்டோஸுக்குள் செய்ய வேண்டிய மூன்று வேலைகள்

ஒன்று, டிஸ்க் பூட்டப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பது. விண்டோஸ் 11 லேப்டாப்புகளில் பிட்லாக்கர் அல்லது டிவைஸ் என்கிரிப்ஷன் என்ற பூட்டு நமக்குத் தெரியாமலேயே ஆன் ஆகியிருக்கலாம். செட்டிங்ஸில் பிரைவசி அண்ட் செக்யூரிட்டி பகுதியில் டிவைஸ் என்கிரிப்ஷன் என்று இருக்கிறதா பாருங்கள். ஆனில் இருந்தால் அதன் ரிகவரி கீயை முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். 48 இலக்க எண் அது. உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால் பெரும்பாலும் அங்கே சேமிக்கப்பட்டிருக்கும். போனில் ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் போதாது, காகிதத்தில் எழுதுங்கள். பயாஸில், அதாவது விண்டோஸுக்கு முன்னால் ஓடும் கம்ப்யூட்டரின் அடிப்படை அமைப்பில், ஏதாவது மாற்றினால் அடுத்த முறை விண்டோஸ் தொடங்கும்போது இந்த எண்ணைக் கேட்கும். இல்லையென்றால் உள்ளே போகவே முடியாது. புதியவர்களுக்கு என் யோசனை, நிறுவும் வரை என்கிரிப்ஷனை ஆஃப் செய்துவிடுங்கள். டிஸ்க் முழுவதையும் திறந்து எழுத வேண்டியிருப்பதால் ஒரு மணி நேரத்துக்கு மேல்கூட ஆகலாம். சார்ஜரைச் செருகிவிட்டு வேறு வேலை பாருங்கள்.

இரண்டு, ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை நிறுத்துவது. இது ஆனில் இருந்தால் ஷட் டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் முழுதாக அணையாது. பாதித் தூக்கத்தில் இருக்கும், சி டிரைவைத் தன் பிடியில் வைத்திருக்கும். அந்த நிலையில் லினக்ஸிலிருந்து சி டிரைவைத் திறந்தால் படிக்க மட்டும்தான் விடும், சில சமயம் திறக்கவே விடாது. கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் போய், பவர் பட்டன் என்ன செய்ய வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் பக்கத்தைத் திறங்கள். அங்கே மேலே இருக்கும் இணைப்பைக் கிளிக் செய்தால் மங்கலாக இருக்கும் கட்டங்கள் தெளிவாகும். டர்ன் ஆன் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்பதில் உள்ள டிக்கை எடுத்துவிட்டு சேவ் செய்யுங்கள்.

மூன்று, கம்ப்யூட்டர் புதிய யூஇஎஃப்ஐ முறையில் தொடங்குகிறதா, பழைய லெகசி முறையிலா என்று தெரிந்துகொள்வது. ஸ்டார்ட் மெனுவில் சிஸ்டம் இன்ஃபர்மேஷன் என்று தேடித் திறந்தால் பயாஸ் மோட் என்ற வரியில் சொல்லியிருக்கும். விண்டோஸ் எந்த முறையோ, பென் டிரைவையும் அதே முறையில்தான் தொடங்க வேண்டும். ஒன்று யூஇஎஃப்ஐ, இன்னொன்று லெகசி என்று கலந்துவிட்டால் இரண்டும் தனித்தனியாக ஓடும், ஆனால் ஒரே மெனுவில் சேர்ந்து வராது. "லினக்ஸ் போட்டேன், விண்டோஸைக் காணோம்" என்று வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான்.

இடத்தை ஒதுக்குவது

எவ்வளவு இடம் வேண்டும்? மின்ட் 22-க்குக் குறைந்தது 20 ஜிபி, பரிந்துரை 100 ஜிபி. இருபதில் நிறுவலாம், வாழ முடியாது. இரண்டு அப்டேட், நான்கு மென்பொருள், மின்ட்டோடு வரும் டைம்ஷிஃப்ட் கருவி எடுத்துவைக்கும் ஸ்னாப்ஷாட் (சிஸ்டத்தின் பிரதி) என்று ஒரு மாதத்தில் நிரம்பிவிடும். 512 ஜிபி டிஸ்க் என்றால் தயங்காமல் 100 கொடுங்கள். 256 ஜிபி என்றால் 60. அதற்கும் கீழே போக வேண்டியிருந்தால் விண்டோஸில் குப்பையைக் கழித்துவிட்டு வாருங்கள். இன்னொன்று, விண்டோஸுக்கும் மூச்சுவிட இடம் வேண்டும். சுருக்கிய பிறகும் சி டிரைவில் 40, 50 ஜிபியாவது காலியாக இருக்கட்டும்.

சுருக்கும் வேலையை விண்டோஸிலேயே செய்யுங்கள். லினக்ஸ் நிறுவியும் செய்யும்தான். ஆனால் சி டிரைவில் கோப்புகளை அடுக்கிவைக்கும் என்டிஎஃப்எஸ் என்ற முறை விண்டோஸின் சொந்தச் சரக்கு, அதன் கோப்புகளை நகர்த்துவதை அதனிடமே விடுவதுதான் நல்லது.

ஸ்டார்ட் பட்டன் மேல் ரைட் கிளிக் செய்தால் டிஸ்க் மேனேஜ்மென்ட் வரும். திறந்ததும் எதையும் தொடாதீர்கள். காகிதத்தையும் பேனாவையும் எடுங்கள். கீழே கட்டம் கட்டமாகத் தெரிவதை இடமிருந்து வலமாக அப்படியே எழுதுங்கள். நம் எடுத்துக்காட்டு லேப்டாப்பில் இப்படி வந்தது: டிஸ்க் 0, மொத்தம் 476.94 ஜிபி. முதலில் இஎஃப்ஐ 100 எம்பி. அடுத்து சி டிரைவ் 476.07 ஜிபி. கடைசியில் ரிகவரி 768 எம்பி. அந்த 16 எம்பி பார்ட்டிஷனை டிஸ்க் மேனேஜ்மென்ட் காட்டாது, லினக்ஸ் காட்டும். அப்போது கூடுதலாக ஒன்று எப்படி வந்தது என்று குழம்ப வேண்டாம். 512 ஜிபி வாங்கினோம், 476 தான் இருக்கிறதே என்ற சந்தேகமும் வேண்டாம். தயாரிப்பாளர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், விண்டோஸ் 1024 ஆக எண்ணுகிறது. அவ்வளவுதான்.

சரி, இப்போது சி டிரைவ் மேல் ரைட் கிளிக், ஷ்ரிங்க் வால்யூம். கேட்கும் கட்டத்தில் எவ்வளவு குறைக்க வேண்டும் என்பதை எம்பியில் கொடுக்க வேண்டும். 100 ஜிபி என்றால் 102400. இந்த எண்ணைக் காகிதத்திலும் எழுதிக்கொள்ளுங்கள். ஷ்ரிங்க் கொடுத்ததும் சி டிரைவுக்கும் ரிகவரிக்கும் நடுவில் கறுப்புக் கோட்டோடு அன்அலோகேட்டட் என்று ஒரு காலி இடம் வரும். அதை அப்படியே விட்டுவிடுங்கள். நியூ வால்யூம் கொடுத்து இ டிரைவ், எஃப் டிரைவ் என்று எதுவும் உருவாக்காதீர்கள். முக்கியமாக எம்பிஆர் டிஸ்க்கில் ஏற்கெனவே நான்கு பார்ட்டிஷன் இருக்கும்போது ஐந்தாவது போட முயன்றால், டிஸ்க்கை டைனமிக் ஆக மாற்றட்டுமா என்று விண்டோஸ் கேட்கும். ஆமாம் என்று சொல்லிவிட்டால் லினக்ஸ் நிறுவுவது பெரும்பாடாகிவிடும்.

சில சமயம், 200 ஜிபி காலியாக இருந்தாலும் 30 ஜிபிதான் சுருக்க முடியும் என்று விண்டோஸ் அடம்பிடிக்கும். காலி இடத்தின் நடுவில் நகர்த்த முடியாத கோப்பு ஏதோ உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். பொதுவாக மூன்று ஆசாமிகள்: ஹைபர்னேஷன் கோப்பு, பேஜ் ஃபைல், சிஸ்டம் ரீஸ்டோர் பாயின்ட்கள். ஹைபர்னேஷனை நிறுத்துங்கள், வர்ச்சுவல் மெமரியில் நோ பேஜிங் ஃபைல் கொடுங்கள், சிஸ்டம் புரொடக்ஷனை ஆஃப் செய்யுங்கள், ரீஸ்டார்ட் செய்து மறுபடி சுருக்கிப் பாருங்கள். பெரும்பாலும் வழிவிட்டுவிடும். வேலை முடிந்ததும் பேஜ் ஃபைலையும் சிஸ்டம் புரொடக்ஷனையும் மறக்காமல் திரும்ப ஆன் செய்யுங்கள்.

சுருக்கிய பிறகு விண்டோஸை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்து, ஒழுங்காக வருகிறதா பாருங்கள். இந்தக் கட்டத்தில் ஏதாவது சிக்கல் என்றால் லினக்ஸ் மேல் பழி போட முடியாது, சரிசெய்வதும் சுலபம்.

பென் டிரைவும் முதல் பார்வையும்

மின்ட் தளத்திலிருந்து ஐஎஸ்ஓ என்ற நிறுவல் கோப்பை இறக்கி, 8 ஜிபி பென் டிரைவில் ரூஃபஸ் அல்லது பலேனா எட்சர் கொண்டு எழுதுங்கள். பென் டிரைவில் இருப்பதெல்லாம் அழியும். லேப்டாப்பை அணைத்து, ஆன் செய்யும்போது பூட் மெனுவுக்கான கீயைத் தட்டிக்கொண்டே இருங்கள். டெல், லெனோவோவில் எஃப்12, எச்பியில் எஃப்9, ஏசஸில் எஸ்கேப். ஏசரிலும் எஃப்12 தான், ஆனால் அதை முதலில் பயாஸுக்குள் போய் எனேபிள் செய்ய வேண்டியிருக்கும். பட்டியலில் ஒரே பென் டிரைவ் இரண்டு முறை தெரிந்தால், விண்டோஸ் யூஇஎஃப்ஐ முறையில் இருப்பவர்கள் யூஇஎஃப்ஐ என்று தொடங்கும் வரியைத் தேர்ந்தெடுங்கள்.

மின்ட் எதையும் நிறுவாமலேயே பென் டிரைவிலிருந்து ஓடும். வைஃபை வருகிறதா, சத்தம் கேட்கிறதா, டச்பேட் வேலை செய்கிறதா என்று அரை மணி நேரம் பயன்படுத்திப் பாருங்கள். அப்புறம் மெனுவில் டிஸ்க்ஸ் என்ற கருவியைத் திறந்து உங்கள் எஸ்எஸ்டி தெரிகிறதா பாருங்கள்.

தெரியவில்லையா? பயப்பட வேண்டாம், டிஸ்க் கெட்டுப்போகவில்லை. சில இன்டெல் லேப்டாப்புகளில் ஸ்டோரேஜ் ஆர்எஸ்டி அல்லது விஎம்டி என்ற முறையில் அமைக்கப்பட்டிருக்கும்; அதை ஏஎச்சிஐ என்ற முறைக்கு மாற்ற வேண்டும். நேராக பயாஸில் மாற்றினால் விண்டோஸ் நீலத் திரையில் நின்றுவிடும். முதலில் விண்டோஸுக்குள் சிஸ்டம் கான்ஃபிகரேஷன் திறந்து, பூட் பகுதியில் சேஃப் பூட் டிக் செய்யுங்கள். ரீஸ்டார்ட் ஆகும்போது பயாஸுக்குள் போய் ஏஎச்சிஐ ஆக மாற்றுங்கள். விண்டோஸ் சேஃப் மோடில் வரும், அப்போதே தேவையான டிரைவரை ஏற்றிக்கொள்ளும். அந்த டிக்கை எடுத்துவிட்டு மறுபடி ரீஸ்டார்ட் செய்தால் முடிந்தது. முன்னால் எழுதி வைத்த 48 இலக்க எண் இந்த இடத்தில் தேவைப்படலாம்.

பிரிக்கும் திரை

சார்ஜர் செருகியிருக்கட்டும். டெஸ்க்டாப் என்றால் யூபிஎஸ் இல்லாமல் இறங்காதீர்கள். பார்ட்டிஷன் எழுதும் நேரத்தில் கரண்ட் போனால் என்ன ஆகும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது.

டெஸ்க்டாப்பில் இருக்கும் இன்ஸ்டால் லினக்ஸ் மின்ட் ஐகானைத் திறங்கள். மொழி, கீபோர்டு, மல்டிமீடியா கோடெக் எல்லாம் தாண்டி இன்ஸ்டலேஷன் டைப் என்ற பக்கம் வரும். இங்கே மூன்று வழிகள். விண்டோஸ் பூட் மேனேஜர் பக்கத்தில் நிறுவு என்பது முதலாவது. டிஸ்க்கை அழித்து நிறுவு என்பது இரண்டாவது, அதன் பக்கமே போக வேண்டாம். மூன்றாவது சம்திங் எல்ஸ்.

முதல் வழி சுலபம், பெரும்பாலும் சரியாகவே முடியும். ஆனாலும் நான் மூன்றாவதைத்தான் சொல்வேன், முதல்முறை நிறுவுகிறவர்களுக்கும்கூட. அதில்தான் டிஸ்க்கின் ஒவ்வொரு பார்ட்டிஷனும் அளவோடு கண்ணுக்குத் தெரியும், எதில் கை வைக்கிறோம் என்று நாமே பார்த்துச் செய்யலாம். காகிதம் கையில் இருப்பவருக்கு அது கஷ்டமே இல்லை.

சம்திங் எல்ஸ் தேர்ந்தெடுத்ததும் ஒரு பட்டியல் வரும். சி டிரைவ், டி டிரைவ் என்ற பெயர்கள் இங்கே இருக்காது. என்விஎம்இ வகை எஸ்எஸ்டி என்றால் என்விஎம்இ0என்1 என்று டிஸ்க்கின் பெயரும், அதன் பின்னால் பி1, பி2 என்று பார்ட்டிஷன் எண்ணும் இருக்கும். சாட்டா டிஸ்க் என்றால் எஸ்டிஏ1, எஸ்டிஏ2. எண்களும் விண்டோஸில் பார்த்ததுபோல இருக்காது, ஏனென்றால் இந்தத் திரை ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறது. நம் லேப்டாப்பில் வந்தது இது: பி1 இஎஃப்ஐ, 104 எம்பி. பி2, 16 எம்பி. பி3 என்டிஎஃப்எஸ், 403800 எம்பி சொச்சம். பிறகு ஃப்ரீ ஸ்பேஸ், 107374 எம்பி. அப்புறம் பி4 என்டிஎஃப்எஸ், 805 எம்பி.

காகிதத்தோடு ஒப்பிடுங்கள். 100 எம்பி இங்கே 104 ஆகியிருக்கிறது. ரிகவரியின் 768 இங்கே 805. நாம் ஒதுக்கிய 102400 தான் இங்கே 107374. ஒவ்வொன்றும் ஏறத்தாழ நூற்றுக்கு ஐந்து கூடுதலாகத் தெரிகிறது, வரிசை அப்படியே இருக்கிறது. வரிசையும் அளவும் பொருந்தினால் இது அதே டிஸ்க்தான். பொருந்தவில்லை என்றால் குவிட் கொடுத்து வெளியே வாருங்கள். இதுவரை எதுவும் எழுதப்படவில்லை, எந்த நஷ்டமும் இல்லை. சித்தி வீட்டில் நான் செய்யாமல் விட்டது இந்த ஒப்பீட்டைத்தான்.

ஃப்ரீ ஸ்பேஸ் என்பதற்குப் பதிலாக அன்யூசபிள் என்று தெரிந்தால், அது எம்பிஆர் டிஸ்க், நான்கு பிரைமரியும் தீர்ந்துவிட்டன. விண்டோஸுக்குத் திரும்பிப் போய், உங்கள் சொந்தக் கோப்புகள் மட்டும் இருக்கும் டி டிரைவ் போன்ற ஒன்றைக் காலிசெய்து நீக்கிவிட்டு வர வேண்டும்.

பொருந்திவிட்டது என்றால் அந்த ஃப்ரீ ஸ்பேஸ் வரியைக் கிளிக் செய்து, கீழே உள்ள கூட்டல் குறியை அழுத்துங்கள். சிறிய பெட்டி திறக்கும். அளவு முழுதாகவே இருக்கட்டும். யூஸ் ஆஸ் என்பதில் எக்ஸ்ட்4, விண்டோஸுக்கு என்டிஎஃப்எஸ் போல லினக்ஸுக்கு இது. மவுன்ட் பாயின்ட் என்பதில் ஒரே ஒரு சாய்கோடு, அதாவது ஸ்லாஷ். லினக்ஸில் ரூட் என்று சொல்வது இதைத்தான். எல்லாக் கோப்புகளுக்கும் வேர் இதுவே. ஓகே கொடுத்தால் பி5 என்று புதிய வரி வரும். பி3-க்கும் பி4-க்கும் நடுவில் பி5 எப்படி வந்தது? எண் உருவான வரிசைப்படி, இடம் டிஸ்க்கில் இருக்கும்படி. தவறில்லை.

நம் சொந்தக் கோப்புகள் இருக்கும் ஹோமுக்குத் தனிப் பார்ட்டிஷன் போட வேண்டாமா என்று கேட்பார்கள். நல்ல பழக்கம்தான், லினக்ஸை மறுபடி நிறுவும்போது கோப்புகள் தப்பிக்கும். ஆனால் 100 ஜிபியை 40, 60 என்று பிரித்தால் ரூட் பக்கம்தான் முதலில் நிரம்பும். ஃப்ளாட்பேக் மென்பொருள்களும் டைம்ஷிஃப்ட்டும் அங்கேதான் இடம்பிடிக்கின்றன. புதியவருக்கு ஒரே பார்ட்டிஷன் போதும். ரேம் போதாதபோது கைகொடுக்கும் ஸ்வாப்புக்கும் தனியாக வேண்டாம், ஸ்வாப் கோப்பை மின்ட்டே உருவாக்கிக்கொள்ளும்.

இப்போது இஎஃப்ஐ வரியைப் பாருங்கள். ஃபார்மட் என்ற பத்தியில் அதற்கு நேராக டிக் இருக்கக் கூடாது. என்டிஎஃப்எஸ் வரிகளிலும் கூடாது. பி5-இல் மட்டும்தான். கீழே பூட் லோடர், அதாவது இயங்குதளத்தைத் தொடங்கிவைக்கும் நிரல், எந்த டிஸ்க்கில் என்று கேட்கும் இடத்தில் விண்டோஸ் இருக்கும் டிஸ்க்கின் பெயர் இருக்கட்டும், பென் டிரைவின் பெயர் இருக்கக் கூடாது.

இன்ஸ்டால் நவ் அழுத்தியதும் கடைசியாக ஒரு பெட்டி வரும். எந்தெந்தப் பார்ட்டிஷனை ஃபார்மட் செய்யப் போகிறேன் என்று அதில் பட்டியல் இருக்கும். அவசரப்பட்டுக் கன்டினியூ அழுத்தாதீர்கள், சத்தமாக வாசியுங்கள். எக்ஸ்ட்4 ஆக ஃபார்மட் ஆகப் போவது ஐந்தாம் எண் மட்டும். வேறு எந்த எண் இருந்தாலும் கோ பேக். இதற்கு மேல்தான் உண்மையில் டிஸ்க்கில் எழுதத் தொடங்கும். மீதி, ஊர், பெயர், பாஸ்வேர்டு, கால் மணி நேரக் காத்திருப்பு.

முதல் முறை ஆன் செய்யும்போது

பென் டிரைவை எடுத்துவிட்டு ரீஸ்டார்ட் செய்தால் கிரப் என்ற மெனு வரும். மேலே லினக்ஸ் மின்ட், கீழே விண்டோஸ் பூட் மேனேஜர். முதல் வேலையாக விண்டோஸைத் தேர்ந்தெடுத்து, அது நல்லபடியாக இருக்கிறது என்று பார்த்துவிடுங்கள். மனசுக்கும் நிம்மதி.

மெனு வராமல் நேராக விண்டோஸே வந்துவிட்டால் நிறுவல் வீணாகிவிடவில்லை. பயாஸில் பூட் ஆர்டர் பகுதிக்குப் போனால் உபுண்டு என்று ஒரு வரி இருக்கும். மின்ட் தன்னை அந்தப் பெயரில்தான் பதிவுசெய்கிறது. அதை மேலே கொண்டுவாருங்கள். பெரிய விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகும் எப்போதாவது இந்த வரிசை மாறும், அதே வைத்தியம்தான்.

மின்ட்டில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு விண்டோஸுக்குப் போனால் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்னால் இருக்கும். காலை பத்து மணிக்கு நாலரை என்று காட்டும். கம்ப்யூட்டருக்குள் இருக்கும் கடிகாரத்தில் லினக்ஸ் கிரீன்விச் நேரத்தை எழுதுகிறது, விண்டோஸ் அதை இந்திய நேரம் என்று எடுத்துக்கொள்கிறது. இலங்கையிலும் இதே ஐந்தரைதான். மின்ட்டின் டெர்மினலில் டைம்டேட்சிடிஎல் என்று தட்டி, ஒரு இடைவெளி, செட்-லோக்கல்-ஆர்டிசி, மறுபடி இடைவெளி, 1 என்று கொடுத்து என்டர் அழுத்தினால் இரண்டும் ஒரே நேரத்தைக் காட்டும். எழுத்துகள் எல்லாம் ஆங்கிலச் சிறிய எழுத்தாக இருக்க வேண்டும்.

இரண்டு பக்கமும் தேவைப்படும் கோப்புகளை விண்டோஸ் பக்கத்து டிரைவில் வையுங்கள். லினக்ஸ் என்டிஎஃப்எஸ்ஸைப் படிக்கும், எழுதும். விண்டோஸுக்குத் தானாக எக்ஸ்ட்4 தெரியாது. டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் அது பெயரில்லாத கட்டமாக நிற்கும். வீட்டில் வேறு யாராவது அந்த லேப்டாப்பைப் பயன்படுத்தினால், அந்தக் கட்டம் காலி இடம் இல்லை என்று சொல்லிவையுங்கள். காகிதத்திலும் பி5, 107374 எம்பி, மின்ட் என்று ஒரு வரி சேர்த்து, லேப்டாப் பையிலேயே வைத்துவிடுங்கள்.

பிடிக்கவில்லை, லினக்ஸை எடுத்துவிட வேண்டும் என்றால் முதலில் பயாஸில் விண்டோஸ் பூட் மேனேஜரை மேலே கொண்டுவந்து, கிரப் இல்லாமல் விண்டோஸ் தொடங்குகிறதா பாருங்கள். இது யூஇஎஃப்ஐ கம்ப்யூட்டருக்கான வழி. லெகசி என்றால் விண்டோஸ் ரிகவரி மூலம் அதன் பூட் லோடரைத் திரும்ப எழுதிய பிறகே அடுத்த அடி. இல்லாவிட்டால் கிரப் ரெஸ்க்யூ என்ற கறுப்புத் திரையில் நின்றுவிடும். அதன் பிறகு டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் அந்தப் பெயரில்லாத கட்டத்தை டெலீட் செய்யுங்கள், இஎஃப்ஐயைத் தொடாதீர்கள். காலியான இடம் சி டிரைவுக்கு உடனடி வலப்பக்கத்தில் இருப்பதால், சி மேல் ரைட் கிளிக் செய்து எக்ஸ்டெண்ட் வால்யூம் கொடுத்தால் 100 ஜிபியும் திரும்பச் சேர்ந்துவிடும்.